நுரையீரல் கட்டி சுருங்குவது எப்படி?

(ஏற்காடு அடிவாரத்தில் பேசியதன் சாரம்)



இன்று நாம் பேச வந்தது நுரையீரலில் உண்டாகும் புற்றுநோய்க் கட்டியைப் பற்றியும், அதற்குச் செய்யப்படும் கதிர் வைத்தியத்தைப் பற்றியுமாகும். இதை நம் ஜனங்கள் "கரண்ட் வைப்பது" என்கிறார்கள். அந்தப் பேரே எத்தனையோ பேரை வீட்டோடு நிறுத்திவிடுகிறது. உண்மையில் உடம்பிற்குள் மின்சாரம் எதுவும் பாய்ச்சப்படுவதில்லை. 1895-ல் ஜெர்மானியரான ராண்ட்ஜன் கண்டறிந்த எக்ஸ்ரே இருக்கிறதே, அதே ஜாதிக் கதிர்தான். (ஜாதி என்றதற்கு யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம்.) வலிமைதான் பன்மடங்கு அதிகம். வைக்கும்போது வலியும் தெரியாது, சூடும் தெரியாது.

அப்படியானால் அது கட்டியை எரிக்கிறதா? இல்லை. ஒவ்வொரு உயிரணுவின் நடுவிலும் அது பெருகுவதற்கான குறிப்பு அடங்கிய நுண்ணிய இழை ஒன்று உண்டு. கதிர் அந்த இழையை அறுக்கிறது. அறுபட்ட அணு அநேகமாய் உடனே சாவதில்லை. இரண்டாகப் பிரியப் போகும் சமயத்தில், பிரிய முடியாமல் சாகிறது. பக்கத்து நல்ல அணுக்களும் அடிபடத்தான் செய்கின்றன. ஆனால் அறுந்ததைச் சரிசெய்துகொள்ளும் சக்தி அவைகளுக்கு அதிகம். அந்த அவகாசத்திற்காகவே மொத்தக் கதிரையும் ஒரே நாளில் கொட்டாமல், வாரத்திற்கு ஐந்து நாளாக ஆறு வாரம், சுமார் 30 தடவையாகப் பங்கிட்டு வைப்பது வழக்கம். சிறு கட்டியைச் சில தடவையில் முடிக்கும் முறையும் இப்போது உண்டு.

செத்த அணுக்களை உடம்பே கொஞ்சங் கொஞ்சமாய் அப்புறப்படுத்துகிறது. நாளொன்றுக்கு ஏறக்குறைய நூற்றில் ஒரு பங்கு வீதம் கட்டி சுருங்குவதை, சிகிச்சை நடக்கும்போதே படமெடுத்து அளந்திருக்கிறார்கள். எல்லோருக்கும் ஒரே வேகமல்ல. சிலருக்குச் சிகிச்சை முடிந்து சில வாரங்கள் சென்ற பிறகே நன்றாய்த் தெரியும். மூச்சுக் குழாயை அடைத்திருந்த கட்டி சுருங்கினால், காற்றில்லாமல் மடிந்து கிடந்த நுரையீரல் விரியும். கட்டி நின்ற இடமும் மாறும். ஆகவேதான் அடிக்கடி படமெடுத்து, அவசியமானால் கதிர் விழும் குறியைத் திருத்துகிறார்கள்.

ஆபத்தும் இங்கேதான் இருக்கிறது. இருமல் குறைகிறது, மூச்சு விடச் சுலபமாகிறது. உடனே நோயாளி, "தேவலை, இனி எதற்கு?" என்கிறார். வீட்டிலுள்ளோர் நேர்ந்துகொண்ட ஆட்டை வெட்டப் புறப்படுகிறார்கள். கதிர் செய்த வேலைக்குக் கூலி பூசாரிக்குப் போகிறது! அதுவாவது போகட்டும். ஒரு சென்டிமீட்டர்க் கட்டியிலே கோடிக்கணக்கான அணுக்கள் இருக்கின்றன. பாதி செத்தாலும் மீதி எத்தனை? பாதியில் நிறுத்தினால் தப்பியவை முன்னிலும் வேகமாய்ப் பெருகும். ஏற்காட்டுக்கு ஏறும் நம் ரஸ்தாவில் 20 கொண்டை ஊசி வளைவுகள் உண்டு. பன்னிரண்டாவது வளைவில் குளிர்காற்று அடித்தவுடன், ஏற்காடு வந்துவிட்டதென்று யாராவது பஸ்ஸைவிட்டு இறங்குவார்களா?

முழுதும் வைத்துக்கொண்ட எல்லோரும் பிழைத்துவிடுவார்கள் என்று நாம் சொல்ல வரவில்லை. நோய் முற்றியவர்களுக்கு உபத்திரவம் குறைவதே லாபம். வைத்துக்கொள்ளும் நாளில் பீடி பிடிப்பது பலனைக் கெடுக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறோம்.

இந்த வைத்தியம் நமக்குப் புதிதல்ல. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையாரின் முயற்சியால் 1954-ல் சென்னை அடையாறில் புற்றுநோய் ஆஸ்பத்திரி ஏற்பட்டது. 1950-களிலேயே கோபால்ட் கதிர் யந்திரம் அங்கே வந்துவிட்டது. இன்று சர்க்கார் காப்பீட்டுத் திட்டத்திலும் கதிர் வைத்தியத்துக்கு இடமிருக்கிறது.

ஆனால் தினமும் போய்வரும் பஸ் சார்ஜும், ஆறு வாரக் கூலி நஷ்டமும் யார் தலையில் விழுகின்றன? காப்பித் தோட்டத்தில் கூலி வேலை செய்கிறவர் பாதியில் நிற்பதற்கு மூடநம்பிக்கை மட்டும் காரணமல்ல, அடுப்பும் காரணம். ஆடிப் பண்டிகைக்கு வீட்டுக்கு வீடு வரி போட்டு வசூலிக்கத் தெரிந்த நமக்கு, ஒரு நோயாளியின் 30 நாள் பஸ் சார்ஜை வசூலிக்கத் தெரியாதா? இந்தக் கூட்டம் கலைவதற்குள் அதற்கு நான்கு பேர் பெயர் கொடுங்கள்.