காத்திருக்கும் ஓட்டுநரின் கூலி



கிருஷ்ணகிரி, ஓசூர் வட்டாரத்தில் மோட்டார் சைக்கிள் ஏற்றும் கண்டெய்னர் லாரி ஓட்டுநர் பலருக்கு நடைக்கு இவ்வளவு என்றே கூலி. ஆலை வாயிலில் முறை வரும்வரையும், பெங்களூரின் பகல்நேரத் தடை நீங்கும்வரை அத்திப்பள்ளியிலும் அவர்கள் காத்திருக்கும் நேரம் கணக்கில் ஏறுவதில்லை. 1961ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டமும், நிலையங்களில் வெறுமனே காத்திருப்பதில் 15 நிமிடத்திற்குக் குறைந்ததையே வேலை நேரத்தில் சேர்த்தது.

திருக்குர்ஆனின் 83ஆவது அத்தியாயம், தமக்கு நிறைவாக அளந்து வாங்கிப் பிறருக்குக் குறைத்து அளப்போரை எச்சரிக்கிறது. அது கடைத்தெருவின் படிக்கும் தராசுக்கும் மட்டுமே என்று எண்ணிவிடுகிறோம். வண்டி நின்ற நாளுக்குச் சரக்கு அனுப்பியவரிடம் ஹால்டிங் கட்டணத்தை முழுமையாக வாங்கும் உரிமையாளர், வண்டியோடு நின்ற மனிதருக்கு ஒன்றும் கொடாவிட்டால் அது எந்த அளவை? ஓடாத நாளிலும் கடன் தவணை உண்டே என்பர். உண்மைதான், ஓட்டுநருக்கும் வீட்டு வாடகை உண்டு.

வியர்வை உலருமுன் கூலி கொடுக்கப் பணித்த நபி (ஸல்) அவர்கள், கூலியை அறிவிக்காமல் ஆள் அமர்த்துவதையும் தடுத்தார்கள். ஆகவே, வண்டி நின்றால் நாளொன்றுக்கு எவ்வளவு என்பதைப் புறப்படுமுன்பே பேசி எழுதிக் கொடுங்கள். ஏற்கெனவே வசூலான ஹால்டிங்கில் ஓட்டுநரின் பங்கை இன்று அஸருக்கு முன் கொடுத்துவிடுங்கள்.