தேயிலைப் பெட்டிக்கு இரும்புவடம், மனிதனுக்குக் கம்பளி



அடிபட்டவன் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருகின்ற வழியைப்பற்றிச் சில வார்த்தைகள் சொல்ல விரும்புகின்றோம். இது டாக்டர்கள் பேச வேண்டிய விஷயமென்று சிலர் நினைக்கலாம். டாக்டர் முன் கொண்டுபோய்க் கிடத்தின பிறகுதானே அவர் வேலை? அதற்கு முன்னுள்ள வழி முழுதும் நம்முடைய விஷயந்தான்.

நம் தேனி ஜில்லாவில், போடிக்கு மேலேயுள்ள மலையைப் பாருங்கள். வெள்ளைக்காரத் தோட்ட முதலாளிகள் மூணாற்றுத் தேயிலையை டாப் ஸ்டேஷன் வரை ரயிலில் கொண்டுவந்து, அங்கிருந்து அடிவாரமான கொட்டகுடிக்கு ஆகாயத்தில் இரும்புவடம் கட்டி இறக்கினார்கள். 1908 முதல் ஓடின அந்த ரயில் 1924 வெள்ளத்தில் அழிந்தது. ஆகவே நூறு வருஷத்துக்கு முன்னமே ஒரு தேயிலைப் பெட்டி கீறல் படாமல் மலையிறங்க வழி கண்டாய்விட்டது. பெட்டிக்கு விலை உண்டு. ஆதலால் வழியும் உண்டாயிற்று.

மனிதனுக்கோ? அகமலைப் பக்கத்து மலையூர்களிலிருந்து நோயாளிகளை மூங்கிலில் கம்பளி கட்டி, அதற்கு டோலியென்று ஒரு பெயரும் வைத்து, தோள் மாற்றி இறக்கின செய்தியை நம் காலத்துப் பத்திரிகைகளிலேயே பலமுறை கண்டிருக்கின்றோம். 2018 மார்ச் 11-ந் தேதி குரங்கணிக் காட்டுத்தீயில் மலையேறப்போன வாலிபர்கள் சிக்கினபோதும், ஹெலிகாப்டர்கள் வருமுன் வெந்த உடம்புகளைச் சுமக்க ஓடினவர்களில் அவ்வூர் மக்கள் உண்டு. 20 பேருக்கு மேல் மாண்டார்கள். அத்தனை பேரும் வழியில்லாமலே செத்தார்களென்று நாம் சொல்லவில்லை. தீ அவ்வளவு கொடியது. ஆனால் பிழைக்கக்கூடியவனுக்கும் பாதையில் கழிகின்ற நேரமே எமனாகின்றது.

இதற்கு நம் ஜனங்கள் சொல்லும் சமாதானம், “விதி முடிந்துவிட்டது” என்பது. விதி முடிந்ததா, ரோடு முடிந்ததா என்று கேட்கின்றோம். சின்னமனூர்க்காரனுடைய ஆயுசு ரேகை மட்டும் க.விலக்குப் பெரிய ஆஸ்பத்திரி வரை நீளுவானேன்? ரோடு கேட்டால் காடு கெடுமென்கின்றார்கள். காடு வேண்டியதுதான். அப்படியானால் வடமாவது கட்டட்டுமே!

கீழே பள்ளத்தாக்கில் வேறொரு வியாதி. ரோடு இருக்கின்றது, 2008 முதல் 108 வண்டியும் இருக்கின்றது. ஆனால் விழுந்தவனைச் சுற்றிக் கூட்டம் நிற்குமே தவிரத் தொடுவார் இல்லை. போலீஸ், கோர்ட்டு என்கின்ற பயம். முன்னே அந்தப் பயத்துக்குக் காரணமும் இருந்தது. 2016-ல் சுப்ரீம் கோர்ட்டும், 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத் திருத்தத்தின் 134ஏ பிரிவும் நல்லெண்ணத்தோடு உதவினவனைக் காப்பாற்றியிருக்கின்றன. பெயர் சொல்ல விரும்பாதவனைக் கட்டாயப்படுத்தவும் கூடாது. விபத்தில் சிக்கினவனுக்கு முதல் 48 மணி நேரத்து வைத்தியம், சேர்க்கப்பட்ட தனியார் ஆஸ்பத்திரிகளிலும் இலவசமென்று 2021-ல் நம் சர்க்கார் திட்டம் போட்டது. திருவிழாவுக்கு வீடு வீடாக நோட்டீஸ் கொடுக்கின்றவர்கள் இதற்கும் ஒன்று அச்சடித்தாலென்ன?

108-க்குச் சொல்லும்போது “கம்பம் ரோட்டில்” என்றால் வண்டிக்காரனுக்கு என்ன விளங்கும்? கிட்டவுள்ள பாலம், தோப்பு, மைல்கல் எதையாவது சொல்லுங்கள். ரத்தம் ஒழுகினால் சுத்தமான துணியை மடித்து அழுத்திப் பிடியுங்கள். விபூதியும் காப்பித்தூளும் வேண்டாம். கழுத்தில் அடிபட்டுக் கிடப்பவனைத் தூக்கி உட்காரவைத்துச் சோடா கொடுக்காதீர்கள். அந்தச் சோடாவை, வண்டி வரும்வரை வெயிலில் நின்று கூட்டத்தை விலக்குகின்றவனுக்குக் கொடுங்கள்.