மண்ணுள் மறைந்த மாவுடலிகள்



யாம் கல்லூரி வாயில் மிதியாதவர். ரயில்வே அலுவலகத்தில் கணக்கெழுதிப் பிழைப்பவர். ஆயினும் டைனோசார்களைப் பற்றிப் பேசுமாறு சங்கத்தார் எம்மைப் பணித்தனர். படித்தறிந்தவற்றை எளிய முறையில் உங்கள் முன் வைக்கின்றோம்.

டைனோசார் என்றவுடன் நம் பிள்ளைகள் திரைப்படத்தில் கண்ட கொடிய விலங்கொன்றையே நினைக்கின்றனர். அஃது ஒரு விலங்கின் பெயரன்று. ஒரு பெருங்குலத்தின் பெயர். 1842இல் ரிச்சர்டு ஓவன் என்னும் ஆங்கில அறிஞர், ‘அச்சந்தரும் பல்லி’ எனப் பொருள்படும் கிரேக்கச் சொற்களால் அப்பெயரை அமைத்தார். பல்லிக்கும் முதலைக்கும் கால்கள் பக்கவாட்டில் விரிந்திருக்கும். டைனோசாருக்கோ, மாட்டுக்கும் யானைக்கும் போல, உடலுக்கு நேர் கீழே ஊன்றி நின்றன. இதுவே அக்குலத்தின் தலையாய அடையாளம்.

1887இல் ஹாரி சீலி என்பார் இடுப்பெலும்பின் அமைப்பைக் கொண்டு இக்குலத்தைப் பல்லி இடுப்பின, பறவை இடுப்பின என இரண்டாக வகுத்தார். பல்லி இடுப்பினவற்றுள் ஒரு சாரார் இருகால் நடையர். அவர்களுள் ஊனுண்ணிகளுக்கு வளைந்த கூரிய பற்கள். பல்லின் விளிம்பில் அரம்போன்ற பிசிறுகள். எலும்புகளிலோ உள்ளீடற்ற வெற்றிடம். குஜராத்தில் எலும்பு கிடைத்து, 2003இல் பெயர் பெற்ற ராஜசாரஸ் இவ்வகையது. அதன் நெற்றியில் குட்டையான கொம்பொன்று இருந்தது. மற்றொரு சாரார் நாற்கால் நடையர். நீண்ட கழுத்து, நீண்ட வால், சிறிய தலை, தூண் போன்ற கால்கள் உடைய தழையுண்ணிகள். கோதாவரிப் பள்ளத்தாக்கில் தோண்டியெடுத்த பாரபாசாரஸ் இவ்வகையது. ‘பெருங்கால்’ என்னும் வங்கச் சொல்லோடு தாகூரின் பெயரையும் அது தாங்குகிறது. அதன் எலும்புக்கூட்டைக் கொல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் கழகத்தில் காணலாம்.

பறவை இடுப்பினவோ பெரும்பாலும் தழையுண்ணிகள். முதுகில் தகடு நிறுத்தியவை, உடலெங்கும் கவசம் பூண்டவை, முகத்தில் கொம்பு தாங்கியவை என இவற்றுள் பல வகை. வியப்பு யாதெனில், இன்றைய பறவைகள் தோன்றியது இப்பிரிவிலிருந்து அன்று. இருகால் நடையரான பல்லி இடுப்பினவற்றிலிருந்தே! நம் வீட்டுக் கோழியும் அவ்வழி வந்ததே.

“அமரவிளையில் தோண்டினால் டைனோசார் கிடைக்குமா?” எனச் சிறுவர் வினவலாம். கிடைக்காது. நெய்யாற்றுப் பக்கத்து அடிப்பாறைகள் 50 கோடி ஆண்டுகளுக்கும் முற்பட்டவை. டைனோசார் தோன்று முன்னரே பூமியின் ஆழத்தில் வெந்து இறுகியவை. எலும்பைக் காப்பது நீரடி வண்டல் படிந்து உருவான பாறையே. அதற்கு, மதுரை, திருச்சி வழியாகச் சென்னை செல்லும் ரயில் பாதையில் உள்ள அரியலூருக்குச் செல்லவேண்டும்.

அம்மாவட்டத்துக் கல்லமேட்டில், ஏறத்தாழ 7 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய எலும்புகள் கிடைத்தன. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையினரான யாதகிரி, அய்யாசாமி ஆகியோர் 1980களில் அவ்விலங்கிற்குப் ‘பிருகத்காயசாரஸ்’, அதாவது மாவுடலி, எனப் பெயரிட்டனர். முழங்காலுக்குக் கீழுள்ள எலும்பு மட்டும் 2 மீட்டர்! அகலப் பாதையின் இரு தண்டவாளங்களுக்கு இடையே உள்ள தூரம் 1.676 மீட்டர்; அவ்வெலும்பைக் குறுக்கே கிடத்த அவ்விடைவெளி போதாது. உலகின் மிகப்பெரிய தரைவிலங்குகளுள் அஃது ஒன்றாயிருக்கலாம்.

இருக்கலாம் என்றே சொல்கின்றோம், ஏன்? முதலில் அதனை ஊனுண்ணி என்றனர். பின்னர், நீள்கழுத்துத் தழையுண்ணி என்றனர். ஒத்துப் பார்க்க எலும்பு வேண்டுமே! வெயிலிலும் மழையிலும் நைந்திருந்த அவ்வெலும்புகள் பொடிந்து அழிந்தன. வரைபடங்களும், 2022இல் வெளியான பழைய ஒளிப்படங்களுமே எஞ்சின. தமிழ் மண்ணின் மாபெரும் உயிருக்கு இன்று சான்று அவ்வளவே.

முகவரிச் சீட்டில்லாத பார்சல் யாருடையது என்று எவரும் அறியார். கிடந்த இடம் தெரியாத எலும்பும் அத்தகையதே. ஆகவே இளைஞர்களே! ஊருக்குச் செல்லும்போது வயலிலோ ஓடையிலோ எலும்பு போன்ற கல்லைக் கண்டால், பெயர்த்தெடுக்காதீர்கள். படம் பிடித்து, இடத்தைக் குறித்து, புவியியல் ஆய்வுத் துறைக்குத் தெரிவியுங்கள். ஓலைச் சுவடிகளைக் கறையானுக்குக் கொடுத்து வருந்திய இனம் நாம். கல்லில் எழுதப்பட்ட சுவடியையேனும் காப்போமாக!