பள்ளி செல்வதும் கல்வி பெறுவதும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

ஆண்டு விழா என்றால் பழம்பெருமை பேசுதல் நம் வழக்கம். பேசத்தக்க பெருமையும் நமக்கு உண்டு. 1880 ஆம் ஆண்டில் ஜான் டெய்லர் குழுமத்தார் இம்மண்ணில் சுரங்கப் பணியைத் தொடங்கினர். 2001 பிப்ரவரி 28 ஆம் நாள் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்பட்டது. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட காலத்தில் 800 டன்னுக்கு மேற்பட்ட பொன் இங்கிருந்து வெளிவந்தது. வட ஆர்க்காடு முதலிய மாவட்டங்களிலிருந்து வந்த நம் முன்னோர் 3 கிலோமீட்டருக்கும் கீழே இறங்கி அதனை வெட்டியெடுத்தனர்.

அவர்களுள் எழுதப் படிக்க அறியாதார் பலர். எனினும் எழுத்தின் அருமையை அறியாதவர் அல்லர். அயோத்திதாசப் பண்டிதர் 1907 இல் சென்னையில் தொடங்கிய ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழுக்கு இவ்வயலில் வாசகர் இருந்தனர். பின்னாளில் நின்றுபோன அவ்விதழை 1926 இல் ஜி. அப்பாதுரையார் இங்கிருந்தே மீண்டும் நடத்தினார். அத்தகைய முன்னோரின் பேரப்பிள்ளைகள் இன்று பள்ளிக்குச் செல்கின்றனர். சென்று என்ன பெறுகின்றனர் என்பதே நான் உங்கள் முன் வைக்க விரும்பும் வினா.

சுரங்கம் கண்ட நமக்கு ஓர் உண்மையைப் பிறர் வந்து சொல்ல வேண்டுவதில்லை. மேலே ஏற்றிய கல்லின் எடை வேறு. அதிலிருந்து கிடைத்த பொன்னின் எடை வேறு. கல்லை மட்டும் நிறுத்து மகிழ்ந்திருந்த சுரங்கம் எங்கும் நிலைத்ததில்லை. ஆனால் கல்வித் துறையில் உலகம் நெடுங்காலம் அவ்வாறுதான் செய்தது. எத்தனை பள்ளிகள், எத்தனை அறைகள், எத்தனை பிள்ளைகள் சேர்ந்தனர் என்று எண்ணினரேயன்றி, சேர்ந்த பிள்ளைக்குப் படிக்க வந்ததா என்று எவரும் பெரிதும் கேட்கவில்லை.

அவ்வினாவை எளிய முறையில் கேட்டது ‘பிரதம்’ என்னும் தொண்டு நிறுவனம். 2005 முதல் அது நாடெங்கும் நடத்திவரும் கணக்கெடுப்புக்கு ‘அசர்’ என்று பெயர். இந்தியில் அச்சொல்லுக்கு ‘விளைவு’ என்பது பொருள். ஒரு மாவட்டத்தில் 30 சிற்றூர்கள், ஓர் ஊரில் 20 வீடுகள் எனத் தேர்ந்து, பிள்ளைகளை வீட்டிலேயே கண்டு ஒரு தாளைக் கையில் கொடுக்கின்றனர். அதில் சில எழுத்துகள், சில சொற்கள், ஒரு சிறு பத்தி, இரண்டாம் வகுப்புக்குரிய ஒரு கதை ஆகியவை இருக்கும். கணக்கிற்கும் அவ்வாறே: எண்களை அறிதல், கடன் வாங்கிக் கழித்தல், வகுத்தல். இதற்குப் பெரும் பொருளும் வேண்டா. பெரும் பட்டமும் வேண்டா.

அத்தாள் காட்டிய செய்தி நம்மைத் திடுக்கிடச் செய்வது. 2024 ஆம் ஆண்டுக் கணக்கின்படி, நாட்டுப்புறங்களில் 6 முதல் 14 வயதுடைய பிள்ளைகளுள் நூற்றுக்கு 98 பேர் பள்ளியில் சேர்ந்திருந்தனர். ஆனால் அரசுப் பள்ளிகளில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுள் இரண்டாம் வகுப்புக் கதையைப் படிக்க முடிந்தவர் நூற்றுக்கு 45 பேரே. 2018 இல் 44 ஆக இருந்த இவ்வெண், கொரோனாவால் பள்ளிகள் மூடப்பட்டபின் 2022 இல் 38.5 ஆகத் தாழ்ந்து, பின்னர் ஏறி இந்நிலைக்கு வந்தது. அஃதாவது, பள்ளிக் கதவு திறந்துவிட்டது. ஏட்டின் கதவு பாதிப் பிள்ளைகளுக்கு இன்னும் திறக்கவில்லை.

இதற்குக் காரணம் யாது? பிள்ளைகளின் மந்தமா? ஆசிரியரின் சோம்பலா? அவ்வாறு பழி சுமத்துவது எளிது. ஆராய்ந்தோர் காட்டும் காரணம் வேறு. பாடநூல் தன் வழியே ஓடுகிறது, பிள்ளை பின்தங்கிவிடுகிறது. முதல் வகுப்பில் எழுத்தைத் தவறவிட்ட குழந்தைக்கு மூன்றாம் வகுப்பில் எழுத்துக் கற்பிப்பார் இல்லை. ஆசிரியரோ குறித்த காலத்தில் பாடம் முழுவதையும் முடித்தாக வேண்டும். 2010 இல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டமும் அதனை அவருடைய கடமையாகவே வைத்தது. பாடம் முடிகிறது, படிப்பு முடிவதில்லை.

ஆப்பிரிக்காவின் கென்யா நாட்டில் நிகழ்ந்த ஆய்வொன்று நமக்கு மிக அண்மையானது. அங்குச் சில பள்ளிகளுக்குப் பாடநூல்களை இலவசமாக வழங்கிப் பயனை அளந்தனர். முன்பே நன்கு படித்துவந்த பிள்ளைகளே பயனடைந்தனர், ஏனையோர்க்கு மாற்றமில்லை. நூல்கள் ஆங்கிலத்தில் இருந்தன. பலர்க்கு ஆங்கிலம் மூன்றாம் மொழி. அவ்வாய்வாளருள் ஒருவரான மைக்கேல் கிரேமர், அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ ஆகியோருடன் 2019 இல் பொருளியல் நோபெல் பரிசு பெற்றார்.

வீட்டில் தமிழ், தெருவிலும் கடையிலும் தமிழோடு கன்னடம், பள்ளி நூலில் கன்னடமோ ஆங்கிலமோ என்று வளரும் நம் பிள்ளைகளை நினைத்துப் பாருங்கள். கென்யக் குழந்தையின் நிலைக்கும் இவர்கள் நிலைக்கும் தொலைவு மிகுதியில்லை. பொருள் புரியாத மொழியில் உரக்கப் படிக்கும் பிள்ளையைக் கண்டு, படிப்பு வந்துவிட்டதென்று பெற்றோர் மகிழ்கின்றனர். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவுமா?

நோய் இது என்றால் மருந்தும் உண்டு. 2001 ஆம் ஆண்டை ஒட்டி மும்பையிலும் வதோதராவிலும் பிரதம் ஒரு முறையைக் கையாண்டது. பின்தங்கிய மூன்றாம், நான்காம் வகுப்புப் பிள்ளைகளை நாள்தோறும் இரண்டு மணி நேரம் தனியே அமர்த்தி, அவர்கள் நிற்கும் படியிலிருந்தே கற்பித்தனர். கற்பித்தவர் அப்பகுதியிலேயே பள்ளிப் படிப்பை முடித்த இளம்பெண்கள். பானர்ஜியும் டுஃப்லோவும் உடனிருந்தோரும் அதனை அளந்தபோது, மிகப் பின்தங்கியிருந்தவரே மிகுதியாக முன்னேறியமை தெரிந்தது.

தமிழ்நாடு இதற்கு மற்றொரு சான்று. 2020 முதல் ஒன்றரை ஆண்டுக்கு மேல் தொடக்கப் பள்ளிகள் மூடிக் கிடந்தன. 2021 அக்டோபரில் ‘இல்லம் தேடிக் கல்வி’ தொடங்கியது. மாலை வேளையில், தெருத் திண்ணையிலும் பொதுக் கூடத்திலும், தன்னார்வலர் பிள்ளைகளைக் கூட்டிக் கற்பித்தனர். அபிஜித் சிங், மொரீசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் ஆகியோர் ஏறத்தாழ 19,000 பிள்ளைகளை ஆராய்ந்தனர். பள்ளி திறந்து ஏறக்குறைய ஆறு மாதங்களில், இழந்த கல்வியில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டது. அம்மீட்சியில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு இத்திட்டத்தால் விளைந்தது.

நிற்க. அளத்தலிலும் ஒரு தீங்கு உண்டு என்பதை மறைத்தல் கூடாது. இங்கிலாந்தில் 1862 முதல், பிள்ளைகளின் தேர்வைக் கொண்டு பள்ளிக்கு மானியம் அளந்தனர். பிள்ளைகள் வாசக நூலை நெட்டுருச் செய்து, கண்காணிப்பாளர் முன் ஒப்பித்தனர். அம்முறை 1897 ஆம் ஆண்டளவில் கைவிடப்பட்டது. உரைகல் பொன்னின் மாற்றை அறிவதற்கு. எவர் தலையிலும் எறிவதற்கன்று. ஆகவே பிள்ளையை இகழவோ, பள்ளிகளை வரிசைப்படுத்தவோ, ஆசிரியரைத் தண்டிக்கவோ அளவைப் பயன்படுத்தலாகாது. நாளை எந்தப் படியிலிருந்து கற்பிப்பது என அறியவே அளக்க வேண்டும்.

அரசும் இவ்வுண்மையை ஏற்றுள்ளது. 2020 ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை எழுத்தறிவையும் எண்ணறிவையும் முதற்கடமையாக வைத்தது. அதன்வழி 2021 ஜூலையில் ‘நிபுண் பாரத்’ இயக்கம் தொடங்கியது. ஆயினும் நாம் கருத வேண்டுவது ஒன்று. அசர் கணக்கெடுப்பு சிற்றூர்களுக்கு உரியது. கோலார் மாவட்டத்து ஊர்கள் அதில் வரலாம், ராபர்ட்சன்பேட்டையும் ஆண்டர்சன்பேட்டையும் வருவதில்லை. நம் தொழிலாளர் குடியிருப்புகளில் எத்தனை பிள்ளைகளுக்குப் படிக்க வரும் என்பதை அத்தாள் கூறாது. நாமே அறிந்தால்தான் உண்டு.

ஆகவே சங்கத்திற்கு ஒரு விண்ணப்பம். ஞாயிற்றுக்கிழமைகளில் பத்துப் பேர் புறப்பட்டு, ஒவ்வொரு குடியிருப்பாக, 7 முதல் 12 வயதுள்ள பிள்ளைகளைக் கண்டு, அத்தகைய தாள் ஒன்றைப் படிக்கச் சொல்வோம். தமிழில் ஒரு தாள். பள்ளியில் பயிலும் மொழியில் ஒரு தாள். பெயரை வெளியிட வேண்டா. பின்தங்கிய பிள்ளைகளை, வகுப்பு எதுவாயினும், நிற்கும் படிக்கேற்பச் சேர்த்து, மாலையில் ஒரு மணி நேரம் இம்மன்றத்தில் கற்பிப்போம். மூன்று திங்கள் கழித்து மீண்டும் அளப்போம். ஏறியிருந்தால் தொடர்வோம், ஏறாவிடில் முறையை மாற்றுவோம்.

கற்பிப்பவர் யார் எனக் கேட்பீர்கள். நம் இளைஞருள் பலர் விடியற்காலை ரயிலில் மாரிக்குப்பத்திலிருந்து பெங்களூருக்குச் சென்று, இரவில் களைத்துத் திரும்புகின்றனர். வாரநாள் மாலையை அவர்களிடம் கேட்பது அறமாகாது, ஞாயிற்றுக்கிழமையைக் கேட்கலாம். வாரநாளுக்கு, பத்தாம் வகுப்பு முடித்து வீட்டிலிருக்கும் சகோதரிகளும், ஓய்வுபெற்ற ஆசிரியப் பெருமக்களும் இருக்கின்றனர். மும்பையில் கற்பித்தவரும் இத்தகைய பெண்களே.

தமிழ்ச் சங்க மன்றத்தில் கன்னடமும் ஆங்கிலமும் கற்பிப்பதா என்று சிலர் வினவலாம். கற்பிக்கத்தான் வேண்டும். பிள்ளையின் தேர்வும் பிழைப்பும் அம்மொழிகளில் இருக்கின்றன. இம்மாநிலத்தின் மொழியைப் பிழையறக் கற்பது நமக்குத் தாழ்வன்று. ஆனால் அச்சொற்களின் பொருளைத் தாய்மொழியில் விளக்குவோம். தமிழ் எழுத்தையும் உடன் ஊட்டுவோம். பரிசளிப்பு மேடையில் மனப்பாடமாய்ச் சொல்லும் பத்துப் பிள்ளைகளால் மட்டும் தமிழ் வாழாது. படிக்கத் தெரிந்த ஆயிரம் பிள்ளைகளால் வாழும்.

அன்பர்களே! சயனைடு மேடுகள் இன்றும் நம் கண்முன் நிற்கின்றன. பொன்னை எடுத்தபின் எஞ்சிய மண் அது. நம் பிள்ளைகளுள் ஒருவரும் அவ்வாறு ஒதுக்கப்பட்டுக் குவியலாகாது. அடுத்த ஆண்டு விழாவில் செயலாளர் அறிக்கை வாசிக்கும்போது, வரவு செலவுக் கணக்கோடு இன்னொரு கணக்கும் வாசிக்கட்டும்: இவ்வாண்டில் எத்தனை பிள்ளைகள் புதிதாகப் படிக்கக் கற்றனர் என்னும் கணக்கு. அதனைக் கேட்க நான் ஆவலோடு காத்திருப்பேன்.