பஞ்சத்தில் எழுந்த ஆலயம்

ஹைதராபாத்திலிருந்து சுமார் 100 கிலோமீட்டர் தூரத்தில் மேதக் பேராலயம். பஞ்ச காலத்தில், வேலை கொடுத்துச் சோறு போடலாம் என்று சார்லஸ் வாக்கர் பாஸ்நெட் பாதிரியார் எழுப்பியது. 1924 டிசம்பர் 25 அன்று பிரதிஷ்டை ஆனது. வயிறு காய்ந்தவர்கள் சுமந்த கல்லுக்குள் ஸ்தோத்திர ஆராதனை! "இல்லாதவனை நன்றி சொல்லச் சொல்வது அவன் வாயை அடைக்கத்தானே?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. கொடுத்தவன் கேட்டு வாங்கும் நன்றி அடிமைத்தனத்துக்குப் பக்கத்து வீடுதான்.

ஆனால் வேதாகமம் சொல்லும் நன்றி வலியை மறைப்பதில்லை. சங்கீதங்களில் பலவற்றில் புலம்பலும் துதியும் ஒரே மூச்சில் வருகின்றன. மேதக்கின் வண்ணக் கண்ணாடி ஜன்னல்களிலும் அப்படியே: பிறப்பு, பரமேறுதல், கூடவே சிலுவை. நன்றியை ஆய்வாளர்களும் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். 2003இல் எம்மன்ஸ், மெக்கல்லோ என்ற உளவியலாளர்கள் வெளியிட்ட ஆய்வில், வாராவாரம் நன்றிக்குரியதை எழுதியவர்கள், தொல்லைகளை எழுதியவர்களைவிடத் தங்கள் வாழ்க்கையை நிறைவாக மதிப்பிட்டார்கள். தொல்லை ஒழிந்ததால் அல்ல, கண் வேறு பக்கமும் திரும்பியதால் என்றே எனக்குப் படுகிறது. மனச்சோர்வுக்கு இப்படி நன்றி எழுதுவது மருந்தாகிவிடாது. அதற்கு மருத்துவர் வேண்டும். அந்த வண்ண ஜன்னல்களைப் பார்க்க மேதக் போகிறவர்கள் வெயில் இருக்கும்போதே போய்விடுங்கள். பொழுது சாய்ந்தால் அவற்றில் நிறம் தெரியாது.