பிள்ளை பள்ளிக்கூடத்தில் இருக்கும் நேரம்



பிள்ளைக்குத் தடுப்பூசி போட்டாச்சு, வயசு வந்ததும் பள்ளிக்கூடத்தில் சேர்த்தாச்சு. காலையில் தலை வாரி அனுப்பினால் சாயங்காலம்தான் வாசலைப் பார்க்கிறோம். நடுவில் உள்ள அத்தனை நேரமும் பிள்ளை எந்தக் கூரையின் கீழே உட்கார்ந்திருக்கிறது? உங்களில் எத்தனை பேர் போய்ப் பார்த்திருக்கிறீர்கள்?

கும்பகோணத்தில் நடந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். 2004 ஜூலை 16, வெள்ளிக்கிழமை. ஒரு பள்ளியில் மதியச் சாப்பாட்டுக்காக அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. தீ சமையல் கொட்டகையின் கீற்றில் பிடித்து, மாடியில் வகுப்பு நடந்த கீற்றுக் கூரைக்குத் தாவிவிட்டது. இறங்கி ஓடக் குறுகலான படிதான். எரிந்த கூரை பிள்ளைகளின் மேலேயே விழுந்தது. 94 பிள்ளைகள் மாண்டுபோனார்கள். சின்னஞ்சிறு வகுப்புப் பிள்ளைகள்.

அதற்குப் பிறகு பள்ளிக்கூடங்களில் கீற்றுக் கூரையை எடுக்கச் சொல்லி அரசு உத்தரவு போட்டது. கீற்று போச்சு, சரி. படியில் அடுக்கி வைத்த உடைந்த பெஞ்சு போச்சா? பின்பக்கக் கதவில் தொங்குகிற பூட்டு போச்சா? அதை யாராவது நேரில் வந்துதான் பார்க்க வேண்டும். அந்த ஆள் நீங்களாக ஏன் இருக்கக் கூடாது?

"நாம போய்க் கேட்டா வாத்தியார் கோவிச்சுக்குவாருங்க" என்பாள் மனைவி. "எனக்கு வயல் வேலை கிடக்கு, நீயே போ" என்பார் கணவர். இப்படியே வருஷம் ஓடிவிடும்! இரண்டு பேருமாகப் போங்கள். அரசுப் பள்ளியில் பள்ளி மேலாண்மைக் குழு என்று ஒன்று இருக்கிறது. 2009-ஆம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டப்படி அதில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர்களே. பாதிப் பேர் பெண்கள். ஆகவே கேட்பது உங்கள் உரிமை. அடுப்பு வகுப்பறையை விட்டுத் தள்ளி இருக்கிறதா, வகுப்பு நேரத்தில் கதவுகள் திறந்திருக்கின்றனவா, மின்சார ஒயர் பிய்ந்து தொங்குகிறதா என்று பாருங்கள். மணி அடித்துப் பிள்ளைகளை வரிசையாக மைதானத்துக்குக் கூட்டிவரும் ஒத்திகை நடத்தச் சொல்லுங்கள். ஒருமுறை செய்து பார்த்த பிள்ளை, நிஜமாக மணி அடிக்கும்போது பெஞ்சுக்கு அடியில் ஒளியாது. பயந்த பிள்ளை ஒளியத்தான் பார்க்கும். தேடுகிறவர் கண்ணிலும் படாது.

வீட்டில் சொல்லித்தர வேண்டியதும் உண்டு. புகை சூழ்ந்தால் நிமிர்ந்து ஓடாதே, குனிந்து தவழ்ந்து வா. உடுப்பில் தீப்பிடித்தால் ஓடாதே, கீழே விழுந்து புரளு. பைக்கட்டை எடுக்கத் திரும்பிப் போகாதே. (புது ஜியாமெட்ரி பெட்டி வாங்கிக் கொடுத்து, "தொலைச்சே, தோலை உரிச்சிடுவேன்" என்று நாமே மிரட்டியிருப்போம். அதையும் கொஞ்சம் நினைத்துக்கொள்ளுங்கள்.)

தீக்காயம் பட்டால் மையோ மாவோ பற்பசையோ தடவ வேண்டாம். சுத்தமான சாதாரணத் தண்ணீரை இருபது நிமிஷம் விடாமல் ஊற்றுங்கள். கொப்புளத்தை உடைக்காமல், சுத்தமான துணியால் மூடி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். தீயணைப்புக்கு 101, ஆம்புலன்ஸுக்கு 108. இந்த இரண்டு எண்ணையும் பிள்ளை வாயால் சொல்லச் சொல்லிக் கேளுங்கள்.

மேலாண்மைக் குழுக் கூட்டம் அடுத்து என்றைக்கு என்று நாளைக்கே தலைமையாசிரியரிடம் விசாரித்து வையுங்கள்.