முகப்பில் கை வைக்கு முன்

(உடையார்கட்டில் நடந்த பழைய மாணவிகள் ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



நூற்றாண்டுக்குச் சேர்த்த காசில் கல்லூரியின் பழைய முகப்பை மாற்றலாம் என்று ஒரு யோசனை வந்திருக்கிறது. விறாந்தை வளைவுகளை மூடி, ஓட்டைக் கழற்றித் தகரம் போட்டு, சுவருக்கு ரைல்ஸ் பதிக்கலாமாம்.

பழைய கட்டடம், தொல்லியல் திணைக்களம் விடாது என்று சிலர் சொன்னார்கள். அப்படியில்லை. 1940 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தொல்பொருள் கட்டளைச் சட்டம் 1815 மார்ச் 2 ஐ எல்லையாக வைத்திருக்கிறது. கண்டி இராச்சியம் பிரித்தானியர் கைக்குப் போன நாள் அது. அதற்குப் பிந்திய கட்டடம் வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டால்தான் அதற்குள் வரும். பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னம் என்று அறிவித்தால், திருத்தவோ மாற்றவோ கூட்டிக்கட்டவோ பணிப்பாளர் நாயகத்தின் அனுமதிப்பத்திரம் வேண்டும். எங்கள் கட்டடம் அறிவிக்கப்படவில்லை. உடைத்தால் அந்தச் சட்டம் தடுக்காது. எங்கள் பயமே அதுதான்.

அறிவித்தாலும் போதாது. நல்லூர் மந்திரிமனை அறிவிக்கப்பட்ட சின்னம். தனியார் காணியில் நிற்கிறது. 2025 செப்டெம்பர் மழையில் ஒரு பகுதி இடிந்து விழுந்தது. வர்த்தமானி மழைக்குக் குடை பிடிக்காதுதானே.

பழைய சுவர் சுண்ணாம்புச் சாந்தால் ஆனது. மேலே சீமெந்தும் ரைல்ஸும் வந்தால் ஈரம் வெளியேற வழியில்லாமல் உள்ளே நின்று சுவரை அரிக்கும்.

2009 தை மாதம் உடையார்கட்டையும் சேர்த்துப் பாதுகாப்பு வலயம் என்றார்கள். அங்கேயும் ஷெல் விழுந்தது. எங்கள் வீடுகளில் சுவர் மிஞ்சவில்லை. ஒருத்தி பொலித்தீன் பையில் சுற்றிக் கொண்டுபோன படம் மிஞ்சியது. அந்த வளைவுகளின் கீழே வெள்ளைச் சட்டையோடு நாங்கள். "இதிலேதான் அம்மா நின்றவா" என்று பிள்ளைகளுக்குக் காட்ட எங்களுக்கு வேறு சுவர் இல்லை.

ஆகவே ஒரு வேண்டுகோள். வேலை தொடங்குமுன் முகப்பை அளந்து, படம் எடுத்து, அதிபர் மூலம் தொல்லியல் திணைக்களத்துக்கு ஒரு கடிதம் கொடுப்போம். ஆலோசனை கேட்க வர்த்தமானி தேவையில்லை. உடைந்த ஓட்டுக்கு ஓடே போடுவோம். புது வகுப்பறையைப் பின்வளவில் கட்டலாம், அங்கே இடம் சும்மா கிடக்கிறது. எங்கள் கிளையின் பங்குக் காசை ஓட்டுக்கென்றே ஒதுக்கி வைத்திருக்கிறோம்.